35 டாலர் மிச்சம் பிடித்த கதை: மலிவுத் தோட்டா வாங்குவோர் கவனத்துக்கு

மாட்டை வாங்குவது ஒரு நாள் செலவு, தீவனம் வாங்குவது தினச் செலவு என்று என் தாத்தா சொல்வார். கைத்துப்பாக்கியும் அப்படித்தான். டெக்சஸில் கிரீன் கார்டு கைக்கு வந்த பிறகு முறைப்படி ஒரு கிளாக் 19 வாங்கினேன். மாதம் இரண்டு சனிக்கிழமை ரேஞ்சுக்குப் போய்க் காகித இலக்கில் சுட்டுப் பழகுகிறேன். ஒரு தடவை போனால் 150 தோட்டாக்கள் கரைந்துவிடும். துப்பாக்கிக்குக் கொடுத்த விலையை முதல் ஆண்டிலேயே தோட்டாச் செலவு தாண்டிவிட்டது. எங்கே மலிவாகக் கிடைக்கும் என்று இணையத்தில் தேட ஆரம்பித்தேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

கண்ணில் பட்டது ஒரு சிறிய விற்பனையாளரின் விளம்பரம். 9 மில்லிமீட்டர் லூகர் வகைத் தோட்டா, குண்டின் எடை 115 கிரெயின் (சுமார் ஏழரை கிராம்), குண்டுக்கு முழு உலோக உறை, பித்தளைக் கூடு, "புதிது, தொழிற்சாலைத் தயாரிப்பு", ஆயிரம் தோட்டா 190 டாலர். ஒன்று 19 சென்ட். அன்றைக்கு எங்கள் ஊர்க் கடையில் இதே வகை 50 தோட்டாப் பெட்டி 12 டாலர் 50 சென்ட், அதாவது ஒன்று 25 சென்ட். ஆறு சென்ட் வித்தியாசம், ஆயிரத்துக்கு 60 டாலர். மனம் உடனே கணக்குப் போட்டுவிட்டது.

ஆனால் முழுக் கணக்கையும் போடவில்லை. அனுப்பும் கட்டணமும் காப்பீடும் 28 டாலர். அதன்மேல் எங்கள் ஊர் விற்பனை வரி 8.25 சதவீதம். கடைசியில் 236 டாலர் ஆனது. கடையில் வாங்கியிருந்தால் வரியோடு 271 டாலர். மிச்சம் 35 டாலர். தோட்டா கனமான சரக்கு. ஒன்று சுமார் 12 கிராம், ஆயிரம் என்றால் 12 கிலோ. இணையத்தில் காட்டும் விலை எப்போதும் அரை உண்மைதான்.

பத்து நாளில் பெட்டி வந்தது. திறந்து பார்த்த என் மனைவி, "என்னங்க இது, மளிகைக் கடையில் புளி கட்டிக் கொடுத்த மாதிரி இருக்கிறதே" என்றாள். உண்மைதான். உள்ளே இரண்டு தடித்த பிளாஸ்டிக் பைகள், ஒவ்வொன்றிலும் ஐந்நூறு தோட்டாக்கள் கொட்டிக் கட்டியிருந்தன. 50 தோட்டாக்களை வரிசையாக நிற்க வைக்கும் தட்டு இல்லை. தயாரிப்பாளர் பெயர் அச்சிட்ட அட்டைப்பெட்டி இல்லை. எந்தத் தொகுதியில் தயாரானது என்ற எண்ணும் இல்லை.

கையில் பத்துத் தோட்டாக்களை எடுத்து அடிப்பாகத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு தோட்டாக் கூட்டின் அடியிலும் தயாரித்த நிறுவனத்தின் முத்திரை இருக்கும். பத்தில் ஆறு வகை முத்திரைகள். இரண்டில் வட்டத்துக்குள் சிலுவை போட்ட நேட்டோ ராணுவக் குறி. அடி விளிம்பில் மெல்லிய கீறல்கள். ஏற்கெனவே ஒரு துப்பாக்கி அந்தக் கூட்டைக் கொக்கி போட்டு இழுத்து வெளியே எறிந்திருக்கிறது என்பதற்கான தடம் அது. அதாவது யாரோ சுட்டுத் தள்ளிய வெற்றுக் கூடுகளை ரேஞ்சுகளில் பெருக்கி எடுத்துக் கழுவி, புதுப் பிரைமரும் (அடியில் இருந்து தீ மூட்டும் சிறு மூடி) வெடிமருந்தும் குண்டும் வைத்து அடைத்த ரீலோடு தோட்டாக்கள். இன்றைக்கு இதைத் தெளிவாகச் சொல்கிறேன். அன்றைக்கு எனக்குத் தோன்றியது, "பரவாயில்லை, பளபளப்பாகத்தானே இருக்கிறது" என்பது மட்டும்தான்.

விற்பனையாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். "எங்களுடையது உரிமம் பெற்ற தொழிற்சாலை, தரம் தொழிற்சாலைத் தரம்" என்று பதில் வந்தது. இதில் பொய் இல்லை என்பதுதான் சூது. தோட்டா தயாரித்து விற்கக் கூட்டாட்சி உரிமம் வேண்டும். கார் நிறுத்தும் கொட்டகையில் ஓர் இயந்திரத்தை வைத்துக்கொண்டிருப்பவரும் அந்த உரிமத்தைப் பெறலாம். ஆகவே கொட்டகையும் தொழிற்சாலைதான். "புதிது" என்ற சொல்லுக்குத்தான் அவரிடம் விளக்கம் இல்லை. மறுபடி விளம்பரப் பக்கத்துக்குப் போய்ப் பார்த்தேன். கீழே, மிகக் கீழே, பொடி எழுத்தில் "மறுதயாரிப்புக் கூடுகள் பயன்படுத்தப்படலாம்" என்று இருந்தது.

அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். காசு கொடுத்துவிட்டோமே என்ற எண்ணம் விடவில்லை.

ரேஞ்சில் நுழையும்போது வழக்கம்போல் ஊழியர் காந்தத்தை எடுத்து இரண்டு தோட்டாக்களின் மேல் வைத்துப் பார்த்தார். ஒட்டவில்லை. "சரி, போகலாம்" என்றார். எனக்கு அது நற்சான்று கொடுத்த மாதிரி இருந்தது. காந்தச் சோதனை எதற்கு என்று அப்போது எனக்குச் சரியாகத் தெரியாது. சில மலிவுத் தோட்டாக்களில் குண்டின் உறை முழுக்கச் செம்பாக இருக்காது. எஃகு உறைமேல் மெல்லிய செம்புப் பூச்சு இருக்கும். உள்ளரங்கு ரேஞ்சில் அது பின்சுவரில் மோதினால் தீப்பொறி பறக்கும், சுவர்த் தகடும் தேயும். அதனால் பல ரேஞ்சுகள் அதை அனுமதிப்பதில்லை. காந்தம் எஃகை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். உள்ளே மருந்து இருக்கிறதா இல்லையா என்பது அதற்குத் தெரியாது.

முதல் மேகசினில் (தோட்டாக்களை அடுக்கித் துப்பாக்கியில் செருகும் உறை) ஒரு தோட்டா "டிக்" என்றதோடு சரி, வெடிக்கவில்லை. விதிப்படி குழலை இலக்கை நோக்கியே வைத்துக்கொண்டு முப்பது நொடி காத்திருந்து வெளியே எடுத்தேன். இரண்டாவதில் ஒரு வெடி மற்றவற்றைவிடக் கையை வலுவாக உதைத்தது. மூன்றாவது ஒழுங்காகப் போனது. நான்காவது மேகசினில் ஏழாவது தோட்டா.

அந்தச் சத்தத்தை எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. "டுமீல்" இல்லை, புட்டியின் கார்க்கைப் பிடுங்கினால் வருமே, அந்த மாதிரி "பொப்" என்று ஒன்று. கையில் உதைப்பே இல்லை. துப்பாக்கியின் மேல்பாகமான ஸ்லைடு பின்னால் வந்து கூட்டை வெளியே எறியவும் இல்லை. ஏதோ சிக்கிக்கொண்டது என்று நினைத்தேன். இத்தனை மாதப் பயிற்சியில் கை தானாகவே செய்யக் கற்றுக்கொண்டதைச் செய்தது: மேகசினை அடியில் ஒரு தட்டு, ஸ்லைடைப் பின்னால் ஓர் இழு. வெற்றுக் கூடு வெளியே விழுந்தது, அடுத்த தோட்டா உள்ளே ஏறியது, விரல் விசைக்குப் போனது.

"நிறுத்துங்கள்! விரலை எடுங்கள்!"

பின்னால் நின்ற பாதுகாப்பு அலுவலர் போட்ட கூச்சல் காதுக் கவசத்தைத் தாண்டிக் கேட்டது. அவருக்கு அந்தப் "பொப்" சத்தம் பரிச்சயம். குழலை இலக்குப் பக்கமே வைத்திருக்கச் சொல்லி, மேகசினைக் கழற்ற வைத்து, உள்ளே ஏறிய தோட்டாவை எடுக்க வைத்து, துப்பாக்கியைப் பிரித்துக் குழலை விளக்குக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். வெளிச்சம் தெரியவில்லை. நான்கு அங்குலக் குழலின் நடுவில் ஒரு குண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தது.

இதற்கு ஸ்குவிப் என்று பெயர். கூட்டில் மருந்தே விழாமல் போனாலோ மிகக் குறைவாக விழுந்தாலோ, பிரைமர் மட்டும் வெடித்துக் குண்டைக் கொஞ்ச தூரம் தள்ளிவிட்டு ஓய்ந்துவிடும். குண்டு குழலின் தொடக்கத்திலேயே நின்றால் அடுத்த தோட்டா உள்ளே ஏறாது, பிழைத்துக்கொள்ளலாம். எனக்கு நடந்ததுபோல் நடுவில் போய் நின்றால் அடுத்தது வசதியாக ஏறிக்கொள்ளும். அதைச் சுட்டால் பின்னால் வரும் குண்டும் வாயுவும் அடைத்துக்கொண்டிருக்கும் குண்டின்மேல் மோதும். குழல் வீங்கும் அல்லது பிளக்கும். சாதாரண 9 மில்லிமீட்டர் தோட்டாவுக்கே அமெரிக்கத் தொழில் தர வரம்பு ஒரு சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு அழுத்தம். அது போக வழியில்லாமல் என் இரண்டு கைகளுக்குள் இருந்திருக்கும்.

ரேஞ்சிலேயே இருந்த, துப்பாக்கி பழுதுபார்க்கும் தச்சர் பித்தளைக் கம்பியை வைத்துத் தட்டிக் குண்டை எடுத்துக் குழலையும் சோதித்துக் கொடுத்தார். கூலி 45 டாலர். நான் மிச்சம் பிடித்தது 35.

மீதித் தோட்டாக்களைப் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் முப்பது ஆண்டுகளாகத் தன் தோட்டாக்களைத் தானே நிரப்பிக்கொள்பவர். தன்னுடையதை மற்றவருக்குக் கொடுக்க மாட்டார், மற்றவருடையதைச் சுடவும் மாட்டார். அது அவருடைய விரதம். நான் கேட்ட முதல் கேள்வி, ஒவ்வொன்றாகத் தராசில் நிறுத்து மருந்து இல்லாததைப் பிரித்துவிட முடியாதா என்பது. சிரித்தார். ஒரு 9 மில்லிமீட்டர் தோட்டாவில் இருக்கும் மருந்து கால் கிராம், மிஞ்சினால் அதற்குமேல் ஓர் அரைக்கால் கிராம். ஆறு நிறுவனங்களின் கூடுகள் கலந்திருக்கும்போது கூட்டுக்குக் கூடு எடையே ஏறக்குறைய அவ்வளவு மாறும். எடை குறைந்த கூட்டில் மருந்து சரியாக இருக்கலாம். எடை கூடிய கூட்டில் மருந்தே இல்லாமலும் இருக்கலாம். பிரித்துப் பார்ப்பது ஒன்றே வழி.

முப்பது தோட்டாக்களைப் பிரித்தார். 27 ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தன. இரண்டில் மருந்து பாதிகூட இல்லை. ஒன்றில் மற்றவற்றைப்போல் ஒன்றரை மடங்கு. "உங்கள் ஸ்குவிப்பைவிட இதுதான் எனக்குப் பயம்" என்று அந்த ஒன்றைத் தனியாக வைத்தார். அடைக்கும் இயந்திரத்தின் கைப்பிடியை ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் ஒரு கூட்டில் மருந்து விழும். நடுவில் ஏதாவது சிக்கி, இயக்குபவர் கைப்பிடியைப் பாதியில் விட்டு மறுபடி இழுத்தால், ஒரு கூட்டில் இரண்டு தடவை விழும், இன்னொன்றில் விழாமலே போகும். சில வகை மருந்துகள் கூட்டில் மிகக் கொஞ்ச இடத்தைத்தான் அடைக்கும். இரட்டிப்பாக விழுந்தாலும் வழியாது, மேலே குண்டை வைத்து மூடிவிடலாம். மருந்தின் மட்டத்தைச் சோதிக்கும் கருவி இருக்கிறது. அதை வாங்கவும் கவனிக்கவும் காசும் பொறுமையும் வேண்டும்.

நியாயத்துக்குச் சொல்கிறேன்: ரீலோடு என்றாலே மோசடி இல்லை. ரீலோடு என்று வெளிப்படையாகச் சொல்லி, பெட்டியில் தொகுதி எண் அச்சிட்டு, ஒழுங்காக விற்பவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் கிளாக் கையேட்டிலேயே ரீலோடு தோட்டா கூடாது, பயன்படுத்தினால் உத்தரவாதம் செல்லாது என்று எழுதியிருக்கிறது. நான் அந்தக் கையேட்டைப் படித்தது துப்பாக்கித் தச்சருக்குக் காசு கொடுத்த பிறகு.

விற்பனையாளரிடம் படங்களோடு பணத்தைத் திருப்பிக் கேட்டேன். தோட்டாக்களைத் திரும்பப் பெறச் சட்டம் அனுமதிப்பதில்லை என்றார். அப்படிச் சட்டம் எதுவும் இல்லை. அது கடைக்காரர்கள் தாங்களே வைத்துக்கொள்ளும் விதி. நல்லவேளை, கடன் அட்டையில் வாங்கியிருந்தேன். கணக்கு அறிக்கை வந்து 60 நாளுக்குள் வங்கிக்கு எழுத்து மூலம் முறையிடலாம். "புதிது" என்ற விளம்பரத்தின் படம், அடி முத்திரைகளின் படம், தச்சர் எழுதிக் கொடுத்த சீட்டு மூன்றையும் இணைத்தேன். ஆறு வாரத்தில் 236 டாலரும் திரும்பியது. 45 டாலர் போனது போனதுதான்.

கடன் அட்டையை எடுக்காத விற்பனையாளராக இருந்தால் பக்கத்தை மூடிவிடுங்கள். 2020, 2021இல் பெருந்தொற்றுத் தட்டுப்பாட்டின்போது போலி விற்பனைப் பக்கங்கள் காளான்போல் முளைத்தன. எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படி ஒன்றில் வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகப் பணம் அனுப்பிவிட்டு இன்றுவரை காத்திருக்கிறார். அஞ்சல் துறை மூலம் அனுப்பியிருக்கிறோம் என்று அவருக்குச் செய்தி வந்ததாம். அமெரிக்க அஞ்சல் துறை தோட்டாக்களை ஏற்பதே இல்லை என்பது தெரிந்திருந்தால் அங்கேயே விழித்திருப்பார்.

இன்னொன்று, நம்மவர்களுக்காக. எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி மட்டுமல்ல, ஒரு தோட்டா வைத்திருப்பதும் கூட்டாட்சிச் சட்டப்படி பொதுவாகக் குற்றம். வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. வழக்கறிஞரைக் கேட்காமல் அதை நம்பி இறங்காதீர்கள். நண்பரின் மலிவுச் சரக்கில் பங்கு போட்டுக்கொள்வதும் இதில் அடக்கம்.

இப்போது நான் கடையிலேயே வாங்குகிறேன்: பெயர் தெரிந்த நிறுவனத்தின் பெட்டி, புதுப் பித்தளை, 115 கிரெயின். புது வகையென்றால் ஒரே ஒரு 50 பெட்டி வாங்கிச் சுட்டுப் பார்த்த பிறகுதான் ஆயிரம். பெட்டியில் வெறுமனே "9 மில்லிமீட்டர்" என்று பார்த்து எடுப்பதில்லை, மக்காரோவ் தோட்டாவும் .380 தோட்டாவும் பெயரில் "9 மில்லிமீட்டர்" ஒட்டிக்கொண்டு அலமாரியில் பக்கத்திலேயே இருக்கும், இரண்டும் என் துப்பாக்கிக்கு ஆகாது. செலவைக் குறைக்கச் சுடுவதைத்தான் குறைத்திருக்கிறேன். வாரத்தில் மூன்று நாள், தோட்டாக்களை வேறு அறையில் பூட்டிவிட்டு, காலித் துப்பாக்கியில் விசை இழுத்துப் பழகுகிறேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், இலக்கில் ஓட்டைகள் முன்பைவிட நெருங்கி விழுகின்றன.

மீதி 918 தோட்டாக்களும் பெரியவரின் கொட்டகைக்குப் போய்விட்டன. ஞாயிற்றுக்கிழமை மாலையில் நாற்பது ஐம்பது என்று இருவரும் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருக்கிறோம். போன வாரம் வேடிக்கைக்காக அந்த விளம்பரத்தை மறுபடி திறந்து பார்த்தேன். விலை 18 சென்ட் ஆகியிருக்கிறது. "புதிது" அப்படியே இருக்கிறது.