வீட்டு வளவா, கல்யாண மண்டபமா: பழைய பாணியில் ஒரு காலைக் கல்யாணம்

சென்ற ஆவணியில் மட்டக்களப்பை அடுத்த ஆரையம்பதியில் என் அக்காவின் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. எங்கள் அம்மாவின் கல்யாணப் படம் ஒன்று அக்கா வீட்டுச் சுவரில் தொங்குகிறது. 1963இல் எடுத்தது. 1978 நவம்பர்ச் சூறாவளியில் கூரை போனபோது நனைந்து, ஒரு மூலையில் கறை படிந்தாலும், கிடுகுப் பந்தலும் குருத்தோலைத் தோரணமும் பித்தளைக் குத்துவிளக்கும் அதில் இன்னும் தெளிவாகத் தெரிகின்றன. அதே மாதிரிப் பந்தலில், காலை முகூர்த்தத்தில், வீண் ஆடம்பரம் இல்லாமல் தன் கல்யாணமும் நடக்க வேண்டும் என்று மருமகள் கேட்டாள். கையில் இருந்ததோ எட்டு இலட்சம் ரூபாவுக்குச் சற்றுக் குறைவு. தாய்மாமன் என்ற முறையில் இடம் பார்க்கும் பொறுப்பு எனக்கு வந்தது. இரண்டு மண்டபங்களையும் ஊர்க் கோயிலையும் அக்காவின் வீட்டு வளவையும் பார்த்துவிட்டுக் கடைசியில் வளவிலேயே பந்தல் போட்டோம். ஆகவே இதை நடுவில் நின்று எழுதுகிறேன் என்று சொல்ல மாட்டேன்.

மண்டபத்தின் வசதிகளை விரித்துச் சொல்லத் தேவையில்லை. நிழல், மின்விசிறி, போதிய கழிப்பறைகள், வாகனம் நிறுத்த இடம் எல்லாம் அங்கே ஆயத்தமாக இருக்கும். வளவுக்கு வாடகை இல்லை என்பதால் அது மலிவு என்று எண்ணுவது மட்டும் தவறு. கதிரைகள், விருந்தினர் பகுதிக்குத் தகரக் கூரை, மின்சாரம் நின்றால் என்ன செய்வது என்ற பயத்தில் எடுத்த ஜெனரேட்டர், மூன்று நாட்கள் வந்து நின்று உதவியவர்களுக்குச் சோறும் தேநீரும் என்று கூட்டிப் பார்த்தபோது, மண்டபக்காரர் கேட்ட வாடகையில் ஏறத்தாழ முக்கால் பங்கு வந்துவிட்டது. மிச்சப்பட்ட கால் பங்குக்காக யாரும் இவ்வளவு அலைச்சலை விலைக்கு வாங்க மாட்டார்கள். எங்கள் முடிவைத் தீர்மானித்தது பணமன்று. முதல்நாள் இரவு யார் கையில் இருக்கிறது என்ற ஒரே கேள்விதான்.

மாலை விழாவுக்குப் பகல் முழுவதும் அலங்கரிக்கலாம். காலைக் கல்யாணத்துக்கு அந்தப் பகல் கிடையாது. எங்கள் முகூர்த்தம் 6.50 முதல் 7.40 வரை. அதற்கு முன் மணவறை, தோரணம், நிறைகுடம், கோலம் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். பிளாஸ்டிக் பூவும் துணியும் என்றால் முந்தின வாரமே செய்து மடித்து வைத்துக்கொள்ளலாம். பழைய பாணி என்று போனால் முக்கியமான பொருளே குருத்தோலை. அதை முதல்நாள் பின்னேரம் வெட்டி, ஈரச் சாக்கால் மூடி வைத்து, இரவில் கிழித்துப் பின்னி, விடியுமுன் கட்ட வேண்டும். முந்திக் கட்டினால் ஓரங்கள் சுருண்டு, அந்த வெளிர்மஞ்சள் பழுப்பாக மாறிவிடும். பிந்தினால் மாப்பிள்ளை வாசலுக்கு வந்துவிடுவார்.

முதலாவது மண்டபத்தில் எங்களுக்கு முந்தின மாலை வேறொரு வரவேற்பு இருந்தது. "சேர், நாலு மணிக்குத் திறப்புத் தாறம். ஆனா சுவரில ஆணி அடிக்கப்படாது, நிலத்தில எண்ணெய் சிந்தப்படாது" என்றார் பொறுப்பாளர். அவர் மரியாதையாகத்தான் பேசினார், அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் நாலு மணியிலிருந்து ஆறரை மணிக்குள், ஆணி இல்லாமல், இருட்டில், ஒரு தென்னந்தோப்பையே உள்ளே கொண்டுபோய் எப்படிக் கட்டுவது? அவர்களே தரும் மணவறையோ ரெஜிபோமில் வெட்டிப் பொன்வண்ணம் பூசியது. இரண்டாவது மண்டபம் முதல்நாள் இரவையும் தரச் சம்மதித்தது. ஆனால் அதை இன்னொரு வேளையாகக் கணக்கிட்டு, வாடகையில் பாதியை மேலதிகமாகக் கேட்டது. அந்தத் தொகையைக் கொடுத்தால் சாப்பாட்டில் கைவைக்க வேண்டியிருக்கும்.

வளவில் அந்த இரவு எங்களுடையதாக இருந்தது. முற்றத்தில் பன்பாய்களை விரித்து, பெரியம்மாமாரும் மாமிமாரும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுமாகப் பதினைந்து பேர்வரை இருந்தார்கள். எண்பதைத் தாண்டிய அம்மா நடுவில் ஒரு தாழ்ந்த பலகையில் அமர்ந்து ஓலையில் கிளி மடித்துக்கொண்டிருந்தார். நான் ஓலையைப் பிடித்து இழுத்துக் கிழித்ததைப் பார்த்துவிட்டு, "மனே, இழுத்துக் கிழியாத. ஈர்க்கு ஓரமா நகத்தால கீறு, அது தானா பிரியும்" என்றார். அவர் சொன்னபடி கீறியதும் ஓலை நூல் பிடித்தாற்போல நேராகப் பிரிந்தது. அதுவரை நான் கிழித்தவற்றை மாமி ஒருவர் சத்தமில்லாமல் எடுத்து அடுப்படிப் பக்கம் தள்ளினார். இரவு ஒன்றரை மணிக்குத் தோரணம் முடிந்தது. இரண்டு மணிக்குப் பின்வளவில் விறகடுப்பு மூட்டப்பட்டது. மண்டபத்தில் வெளிச்சமையலுக்கு அனுமதி இல்லை, ஆளுக்கு இவ்வளவு என்று அவர்கள் சொல்லும் விலைதான். நாங்கள் 220 பேருக்குச் சமைத்தோம். வந்தவுடன் இடியப்பமும் சொதியும், பதினொரு மணிக்கு வாழையிலையில் மரக்கறிச் சாப்பாடு, கடைசியில் சட்டித் தயிர். சைவச் சாப்பாடு என்பதால் செலவு தானாகவே அடங்கிவிட்டது. காலைக் கல்யாணம் சிக்கனமானது என்று சொல்வதற்கு இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

பந்தல் விடயத்தில் நாங்களும் முழுமையாகப் பழைய வழியில் போகவில்லை. வளவு முழுவதையும் கிடுகால் வேய்வதற்குத் தேவையான கிடுகு கிடைக்கவில்லை. கிடைத்ததின் விலையும் அதிகம். மணவறைக்கும் வாசலுக்கும் மட்டும் கிடுகு, விருந்தினர் பகுதிக்குத் தகரம், அதன் உட்புறத்தில் வெள்ளைத் துணி கட்டி மறைத்தோம். ஒன்பது மணிக்குப் பிறகு இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தலையிலேயே தெரிந்தது. தகரத்தின்கீழ் இருந்தவர்கள் விசிறிக்கொண்டிருக்க, கிடுகின்கீழ் இருந்தவர்கள் கதை பேசிக்கொண்டிருந்தார்கள். கிடுகு எளிதில் தீப்பற்றும் என்பதால் அடுப்பை அதிலிருந்து நன்றாகத் தள்ளி அமைத்தோம். அக்கா இரண்டு வாளித் தண்ணீரை மணவறைக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார்.

நாங்கள் யோசிக்காமல் விட்ட ஒன்று சூரியன். ஆவணியில் இங்கே ஆறு மணிக்குச் சற்று முன்பே விடிந்துவிடும். பொம்பிளையும் மாப்பிள்ளையும் கிழக்கு நோக்கி இருக்க, ஏழு மணியளவில் கடற்பக்கத்திலிருந்து வந்த வெயில் பந்தலின் கூரை விளிம்புக்குக் கீழாக நுழைந்து இருவர் கண்ணிலும் நேராக அடித்தது. ஐயர் மந்திரம் சொல்ல, மாப்பிள்ளை ஒரு கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அவசரத்துக்கு, அம்மாவின் பெட்டகத்தில் கிடந்த மருதமுனைக் கைத்தறி விரிப்பு ஒன்றை இரண்டு பந்தற்கால்களுக்கிடையே கட்டினோம். அதன் இழைகளினூடாக வடிந்து வந்த வெளிச்சத்தில் எடுத்த படங்களே இன்றைக்கு எல்லோரும் கேட்டு வாங்கும் படங்கள். மண்டபத்தில் வெயில் கண்ணில் அடிக்காது. ஆனால் நாங்கள் பார்க்கப் போன அன்று மேடைக்குப் போட்டிருந்த வண்ண விளக்குகளில் ஐயரின் வேட்டிகூட ஊதாவாகத் தெரிந்தது. தாலி கட்டும்போது பெண்கள் போட்ட குரவை வீதிவரை கேட்டதையும் வளவின் பக்கமே சேர்க்கிறேன். ஒலிபெருக்கி முழங்கும் மண்டபங்களில் அது பக்கத்துக் கதிரைக்கே கேட்பதில்லை.

மழையைப் பற்றி எனக்கு அனுபவம் இல்லை. அன்று ஒரு துளியும் விழவில்லை. மட்டக்களப்புக்கு மழையின் பெரும்பங்கு ஐப்பசியிலிருந்து தைவரை கொட்டித் தீர்ப்பதால், தையில் முகூர்த்தம் அமைந்தால் நானே மண்டபத்துக்குத்தான் போவேன். நனைந்த மணலில் பிளாஸ்டிக் கதிரைகளின் கால் புதையும். வழுக்கும் முற்றத்தில் வயதானவர்களை நடத்தி வருவதும் எளிதல்ல. வைகாசி, ஆனி மாதங்களில் பகல் ஏற ஏறக் கச்சான் காற்று அனலாக வீசும். ஒன்பது மணிக்குள் சடங்குகள் முடிந்துவிடும் காலைக் கல்யாணத்துக்கு அது பெரிய இடைஞ்சலாக இராது என்பது என் ஊகம். முந்நூறு பேருக்கு மேல் அழைப்பதென்றாலும் வளவு தாங்குமா என்று எனக்குச் சந்தேகம்தான். எங்கள் 220 பேருக்கே வீதியோரத்தில் மோட்டார் சைக்கிள்கள் மூன்று வளவு தூரத்துக்கு நின்றன.

கோயிலில் செய்வது மூன்றிலும் மலிவானது. ஆனால் நல்ல முகூர்த்த நாளில் ஒன்றன்பின் ஒன்றாகக் கல்யாணங்கள் நடக்கும். நம் விருப்பத்துக்கு அலங்கரிக்க வாய்ப்புக் குறைவு. நான் அங்கே விருந்தினனாக மட்டுமே போயிருக்கிறேன் என்பதால் இதற்கு மேல் சொல்ல உரிமை இல்லை.

வளவின் பக்கம் இன்னொன்றும் உண்டு. எங்கள் பகுதியில் வீடு வளவு பெண்பிள்ளைக்குப் போவதே வழக்கம். கல்யாணத்தைச் சாட்டாக வைத்துச் சுவருக்கு வெள்ளை அடித்தோம், கிணற்றுக் கட்டைத் திருத்தினோம், வெளியே இரண்டாவது கழிப்பறை ஒன்றும் கட்டினோம். அந்தச் செலவெல்லாம் மருமகளின் வீட்டிலேயே நிற்கிறது.

சேலையில் ஒரு சிறிய எச்சரிக்கை. கூறை மாப்பிள்ளை வீட்டாரின் பொறுப்பு என்பதால், அதற்கு முன் உடுக்கும் சேலையாக அம்மாவின் 1963ஆம் ஆண்டுப் பட்டுச் சேலையையே மருமகள் தெரிந்தெடுத்தாள். ஒரு வாரம் முன்னதாக விரித்துப் பார்த்தபோது, அறுபது ஆண்டுகள் ஒரே மடிப்பில் இருந்த இடங்கள் கோடு கோடாக வெடித்திருந்தன. தையற்காரி உட்பக்கம் மெல்லிய துணி வைத்துத் தைத்துக் கொடுத்தார். அன்று காலையில் பார்த்திருந்தால் கதை வேறு. பழைய கார் வாடகைக்கு எடுக்கும் யோசனையைக் கைவிட்டு, அந்தப் பணத்தில் கல்லடிக்குப் போய், 1924இல் திறக்கப்பட்ட பழைய பாலத்தில் படம் எடுத்தோம்.

குத்துவிளக்கு, பன்னீர்ச்செம்பு, தாம்பாளம் என்று பித்தளைச் சாமான்களை மண்டபத்துக்கென்றால் அலங்காரக்காரரிடம் வாடகைக்கு எடுத்திருப்போம். வளவு என்பதால் ஒன்பது வீடுகளில் இரவல் வாங்கினோம். காசு மிச்சம், ஆனால் திருப்பிக் கொடுக்க இரண்டு நாள் பிடித்தது. எல்லாவற்றிலும் உரியவரின் பெயரெழுத்துப் பொறித்திருந்தும், "க.பா." என்று பொறித்த செம்பு ஒன்றை மட்டும் ஒன்பது வீட்டாரும் தங்களுடையதல்ல என்று சொல்லிவிட்டார்கள். அது இன்னும் அக்காவின் குசினித் தட்டில்தான் இருக்கிறது.