சியாச்சினில் சீட்டா: கீழே காத்துக்கிடந்தவனின் அனுபவம்

மெட்ராஸ் ரெஜிமென்டில் 22 வருடம் இருந்தேன். தரைப்படைக்கு உண்மையிலேயே உதவிய விமானம் எது என்று என்னைக் கேட்டால், யோசிக்காமல் சீட்டா ஹெலிகாப்டர் என்பேன். நான் பார்த்த சீட்டாவில் ஒரு துப்பாக்கிகூட இருந்ததில்லை. ஆனால் சியாச்சின் பனிமலையில் இரண்டு முறை, சிப்பாயாக ஒரு தடவை, ஹவில்தாராக ஒரு தடவை, அதை நம்பித்தான் உயிர் வாழ்ந்தேன்.

பிரான்சின் லாமா ஹெலிகாப்டரை உரிமம் வாங்கி பெங்களூரில் எச்.ஏ.எல். (இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) நிறுவனம் தயாரித்ததுதான் சீட்டா. அந்த லாமா 1972-இல் 12,442 மீட்டர் உயரம் பறந்து உலக சாதனை செய்தது. 1984 ஏப்ரல் 13 அன்று சியாச்சினைப் பிடித்த மேகதூத் நடவடிக்கையில் பிலாஃபோண்ட் லா கணவாயில் நம் ஆட்களைக் கொண்டுபோய் இறக்கியதும் சீட்டாதான். ஐந்து பேர் உட்காரலாம் என்பது கீழே இருக்கும் கணக்கு. மேலே அந்தக் கணக்கு எடுபடாது.

20,000 அடியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிகூடக் கிடையாது. விசிறிக்குப் பிடிமானம் கிடைக்காது, எஞ்சினுக்கும் மூச்சு முட்டும். வெயில் ஏறினால் காற்று இன்னும் மெலியும். அதனால் விடிந்ததும் பறந்துவிட வேண்டும். மிக உயரத்தில் இருக்கும் சோனம் போஸ்டுக்குச் (காவல் முகாம்) சில நாள் ஒரு தடவைக்கு ஒரே ஒரு ஜெரிக்கேன், அதாவது 20 லிட்டர் மண்ணெண்ணெய், அவ்வளவுதான் ஏற்ற முடியும். அந்த ஒரு கேனுக்காக இவ்வளவு தூரமா என்று கேட்பவர்கள் உண்டு. மேலே பனியை உருக்கித்தான் தண்ணீர். ஸ்டவ் அணைந்தால் சமையலும் இல்லை, குடிக்கத் தண்ணீரும் இல்லை.

இரண்டாவது முறை போனபோது நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் போஸ்டில் ஒரு தம்பிக்கு ராத்திரி இருமல் தொடங்கியது. பத்து மணிக்கு மேல் நெஞ்சில் கொரகொரவென்று சத்தம். ஹேப்போ, நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. ஆக்சிஜன் மாட்டி, சாய்த்து உட்கார வைத்து, ரேடியோவில் பேஸ் கேம்புக்குச் சொன்னோம். இருட்டில் வர முடியாது, விடியட்டும் என்றார்கள். விடியும்வரை அவன் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். நகமெல்லாம் நீலம் பாரித்திருந்தது.

நாலு மணிக்கே வெளியே போய் ஹெலிபேடில் புதுப்பனியை மிதிக்க ஆரம்பித்தோம். பனி இறுகியிருந்தால்தான் ஹெலிகாப்டரின் கால் புதையாது. காலி ஜெரிக்கேன்களைச் சுற்றிலும் அடையாளம் வைத்தோம். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பைலட்டுக்குத் தெரிய ஒரு கம்பில் துணி கட்டினோம். ஆறரை இருக்கும், பள்ளத்தாக்கிலிருந்து சத்தம் வந்தது. எப்போதும் போல ஜோடியாகத்தான் வந்தார்கள். ஒற்றை எஞ்சின் என்பதால் ஒன்றுக்கு ஏதாவது ஆனால் மற்றொன்று துணை. ஒன்று மேலே வட்டமடிக்க, மற்றது வந்து நின்றது. எஞ்சினை அணைக்கக் கூடாது, அந்தக் குளிரில் அணைத்தால் மறுபடி கிளம்பும் என்று நம்ப முடியாது. குனிந்தபடியே ஓடி, அவனை உள்ளே தூக்கிப் போட்டுக் கதவைச் சாத்தினோம். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. அவன் பிழைத்தான். அந்தப் பைலட்டின் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை, கறுப்புக் கண்ணாடியும் ஹெல்மெட்டும்தான் தெரிந்தன.

சரி, சண்டையில் வானிலிருந்து வரும் உதவி எப்படி? 1999 கார்கிலைப் பார்த்தாலே புரியும். மே 28 அன்று தோலோலிங் சிகரத்தின் அருகே நம் எம்.ஐ.-17 ஹெலிகாப்டர் ஒன்றை எதிரிகள் சுட்டு வீழ்த்தினார்கள், அதிலிருந்த நால்வரும் இறந்தார்கள். எம்.ஐ.-35 தாக்குதல் ஹெலிகாப்டரால் அந்த உயரத்தில் வேலை செய்யவே முடியவில்லை. மிராஜ் 2000 போர் விமானம் லேசர் வழிகாட்டும் குண்டுகளோடு வந்த பிறகுதான் வானிலிருந்து அடித்த அடி சரியாக விழுந்தது. டைகர் ஹில்லில் குண்டு விழுந்தது ஜூன் 24, நம் ஆட்கள் பாறையில் ஏறி உச்சியைப் பிடித்தது ஜூலை 4. குண்டு எதிரியைக் குலைத்தது, அதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் ஏறிப் போய்ப் பிடித்தவன் காலாட்படைக்காரன்தான்.

சீட்டாவின் பெரிய குறை, வானம் மூடிவிட்டால் அது இல்லை. வாரக்கணக்கில் வராமல் இருந்திருக்கிறது. ரொம்பப் பழைய எஞ்சின், பைலட்டுகள் பலரை விபத்துகளில் இழந்திருக்கிறோம். 2016 பிப்ரவரி 3 அன்று சோனம் போஸ்டில் பனிச்சரிவில் புதைந்த பத்துப் பேரில் பெரும்பாலோர் என் ரெஜிமென்ட்காரர்கள், நான்கு பேர் தமிழ்நாடு. மீட்புக் கருவிகளையும் மோப்ப நாய்களையும் ஹெலிகாப்டர்தான் மேலே சேர்த்தது. ஆறாம் நாள் அவர்களில் ஒருவரான ஹனுமந்தப்பாவை உயிரோடு எடுத்தது ராத்திரியில், கீழே கொண்டுவர மறுநாள் காலைவரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் 11-ஆம் தேதி டெல்லியில் இறந்தார். மற்றவர்களின் உடல்களும் வானிலை சரியாகட்டும் என்று நாள்கணக்கில் மேலேயே கிடந்தன. அதை இன்றும் என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

இப்போது புதியவை வந்திருக்கின்றன. கார்கில் பாடத்தில் பிறந்த பிரசண்ட் தாக்குதல் ஹெலிகாப்டர் 2022 அக்டோபரில் விமானப்படையில் சேர்ந்தது. சீட்டாவின் இடத்துக்கு எல்.யு.ஹெச். என்ற இலகு ஹெலிகாப்டரைச் சோதித்திருக்கிறார்கள். அதன் வேகத்தையும் டிஜிட்டல் திரைகள் கொண்ட காக்பிட்டையும் பற்றி நிறையப் படிக்கிறேன். எனக்கு ஒன்று தெரிந்தால் போதும்: காலை ஆறு மணிக்கு, சோனத்தில், ஒரு தடவைக்கு எத்தனை ஜெரிக்கேன் இறக்கும்?