ராயபுரத்துல ஆறு சனிக்கிழமை மறுமலர்ச்சி கிளாஸ் - 600 ரூபாவுக்கு ஒர்த்தா?

நான் மிண்ட் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு ஆப்செட் பிரஸ்ல டிடிபி பண்றவன், பதினெட்டு வருஷமா கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, கோயில் நோட்டீஸ்னு அடிச்சு புரூஃப் பாத்துப் பாத்தே கண்ணாடி போட்ட ஆளு. உனக்கும் ஐரோப்பா மறுமலர்ச்சிக்கும் (ரெனைசான்ஸ்னு சொல்வாங்களே, பழைய கிரேக்க, ரோமன் கலையும் படிப்பும் திரும்பத் துளிர்த்த காலம்) இன்னாய்யா சம்மந்தம்னு வீட்ல கேட்டாங்க, நியாயமான கேள்விதான். இந்த கிளாஸோட நோட்டீஸ் எங்க பிரஸ்லதான் அடிக்க வந்துச்சு, கல்மண்டபத்துக்கிட்ட ஒரு மாடி ஹால், சனிக்கிழமை சாயந்தரம் 5 மணி, டீ பிஸ்கட் உண்டுன்னு போட்டிருந்துச்சு, சரி போய்தான் பாப்போமேன்னு சேந்துட்டேன்.

குறைய மொதல்ல சொல்லிடறேன். 5 மணின்னா 5.40. டீ வெந்நீர். புரொஜக்டர் அடிக்கற சுவத்துல பச்சை டிஸ்டம்பர், அதனால மசாச்சியோங்கற இத்தாலி ஓவியர் 1427 வாக்குல வரைஞ்ச திரித்துவம் படத்துல இருக்கறவங்க எல்லாம் காமாலை வந்த மாதிரி தெரிஞ்சாங்க. சுவத்துக்குள்ள பழைய ரோமன் வளைவோட ஒரு ரூமே இருக்கற மாதிரி தெரியணுமாம் அந்த ஓவியம், எங்களுக்கு பாசி புடிச்ச கெணறு மாதிரிதான் தெரிஞ்சுது. ஓவியம் நடத்துன அந்த வாரம் மொக்கைன்னே எழுதியிருப்பேன், ஆனா சார் கடுப்பாயி புரொஜக்டர ஆஃப் பண்ணிட்டு எங்கள வெளிய ஹால் நடைக்கு கூட்டிட்டுப் போயி கொத்தனார் நூல எடுத்து ஒவ்வொரு கதவு மேல்சட்டத்துலயும் புடிச்சு, எல்லா கோடும் கடைசில ஒரே புள்ளில போய் முட்டுது பாருங்கன்னு காமிச்சாரு. ஆல்பெர்ட்டின்னு ஒரு இத்தாலி அறிஞர் 1435-ல புக்கு போட்டு எழுதுன விஷயம் இதானாம். ஹவுசிங் போர்டுலயே பொறந்து வளந்தவன் நான், அந்த மாதிரி நடைய அதுவரைக்கும் ஒருநாள் கூட அப்படிப் பாத்ததில்ல.

எனக்கு செமயா புடிச்சது மூணாவது வாரம். போஜ்ஜோன்னு ஒருத்தர், போப்பாண்டவர் ஆபீஸ்ல செக்ரட்டரி, அந்தப் போப்பையே 1415-ல பதவிய விட்டு எறக்கிட்டாங்க, இவருக்கு வேலை இல்ல, சும்மா இல்லாம பக்கத்து மடங்கள்ல பூந்து பழைய லத்தீன் ஏடு தேட ஆரம்பிச்சுட்டாரு. உலகமே அணுவாலதான் ஆயிருக்குன்னு பேசற, லுக்ரீஷியஸ்ங்கற பழைய ரோமன் கவிஞரோட கவிதை 1417-ல அப்படித்தான் கைக்கு வந்துச்சாம். கண்டுபுடிச்சத காப்பி எடுக்கணும்ல, அதுக்கு அந்தாளும் அவரு பிரண்டுங்களும் அழகா ஒரு கையெழுத்து வச்சிருந்தாங்க, இதான் அசல் ரோமாபுரி எழுத்துன்னு நம்பி பழைய ஏட்டப் பாத்து எழுதுனது, ஆனா அந்த ஏடே ரோம் காலத்துது இல்ல, சார்லிமேன்ங்கற ஐரோப்பா ராஜா காலத்துல உருவான எழுத்துல, 9-லேருந்து 12-ஆம் நூற்றாண்டுக்குள்ள எழுதுனது! தப்பா நெனச்சு காப்பி அடிச்சதுதான் பின்னாடி அச்சு எழுத்தாகி, இன்னிக்கு நான் டைம்ஸ் ரோமன்ல தட்டற சின்ன எழுத்து வரைக்கும் வந்திருக்கு. சாஞ்ச எழுத்தும் அதே கதைதான், வேகமா எழுதற கையெழுத்தப் பாத்து வெனிஸ்ல ஆல்டஸ்ங்கறவரோட பிரஸ்ஸுக்காக கிரிஃபோன்னு ஒருத்தர் அச்சு வெட்டுனாரு, 1501-ல வெர்ஜில் கவிதைய கைக்கு அடக்கமா சின்ன புக்கா போட்டாங்க. பதினெட்டு வருஷமா இட்டாலிக் பட்டன அழுத்தறேன், இட்டாலிக்னா இத்தாலின்னு ஒருத்தனும் சொல்லல எனக்கு.

அப்புறம் வல்லா, இத்தாலில லத்தீன்ல புலி. ரோம் ராஜா கான்ஸ்டன்டைன் மேற்கு நாடு பூரா போப்புக்கு எழுதிக் குடுத்துட்டாருன்னு ஒரு பத்திரம், ஆயிரம் வருஷத்துப் பழசுன்னு சொல்லிட்டிருந்தாங்க. 1440-ல வல்லா அத எடுத்து வரி வரியா புரூஃப் பாக்கறாரு, இந்த வார்த்தை அந்தக் காலத்து ரோமாபுரில யாரும் பேசல, இந்த நடை பின்னாடி வந்ததுன்னு சொல்லி போலிப் பத்திரம்னு நிரூபிச்சுட்டாரு. இங்க உ.வே.சா. ஊர் ஊரா ஏடு வாங்கி, ஒண்ணோட ஒண்ணு வச்சுப் பாத்து, பாடபேதம் குறிச்சு 1887-ல சிந்தாமணி, 1894-ல புறநானூறுன்னு பதிப்பிச்சதும் இந்த வேலைதானேன்னு சார் கேட்டப்ப எனக்கு சட்டுனு நிமிந்து உக்காரத் தோணுச்சு, நம்ம தொழிலப் பத்திப் பேசறாங்கப்பா!

உடற்கூறு டாக்டர் வெசாலியஸ் கதையும் இதான். காலன்ங்கற பழைய கிரேக்க வைத்தியரோட புக்கு லத்தீன்ல வந்தப்ப அதத் திருத்திக் குடுத்தவங்கள்ல இவரும் ஒருத்தர். ஆனா கத்தி எடுத்து மனுஷ உடம்ப அறுத்துப் பாத்தா கீழ்த்தாடை ஒரே எலும்பா இருக்கு, காலன் ரெண்டுன்னு எழுதி வச்சிருக்காரு, அவரு அறுத்துப் பாத்தது கொரங்கும் பன்னியும். ஹால்ல இருந்த அத்தன பேரும் அந்த செகண்டு தாடையத் தடவிப் பாத்தோம்.

மண்ணடில ஹார்டுவேர் கடை வச்சிருக்கற பாய் ஒருத்தர் என் பக்கத்துல உக்காருவாரு, அவரு கேட்டது கரெக்டு. கிரேக்க புக்கெல்லாம் பாக்தாத்ல அரபில ஆகி, 12-ஆம் நூற்றாண்டுல ஸ்பெயின் டொலிடோல லத்தீனுக்குப் போச்சே, கண்ணு எப்படிப் பாக்குதுன்னு அரபு விஞ்ஞானி இப்னுல் ஹைதம் எழுதுனதும் ஓவியக்காரனுங்க நூல் புடிக்க ஒரு வழி காட்டுச்சுன்னு சொல்றாங்களே, அத ஏன் சார் நடத்தல? "ஆமா பாய், ஆமா பாய்"னாரு, டைம் ஆயிடுச்சு. இதுக்கு ஒரு வாரமே ஒதுக்கியிருக்கணும், ரெண்டு வாக்கியத்துல முடிக்கற விஷயமா இது?

நோட்ஸ் கொடுமை. அத எங்ககிட்ட அடிக்கல, வேற எங்கயோ அடிச்சு ஜெராக்ஸ் போட்டது, மறுமலர்ச்சில 'ச்' காணோம். அதவிட, கான்ஸ்டான்டிநோபிள் (இன்னிக்கு இஸ்தான்புல்) துருக்கியர்கிட்ட விழுந்தது 1543, பூமிதான் சூரியனச் சுத்துதுன்னு சொன்ன கோப்பர்நிக்கஸ் புக்கு வந்தது 1453ன்னு வருஷத்த மாத்திப் போட்டிருக்கான். சாருகிட்ட காமிச்சேன், தலைல அடிச்சுக்கிட்டு போர்டுல ரெண்டையும் அடிச்சு மாத்தி எழுதுனாரு. அப்படியே இன்னொண்ணும் சொன்னாரு, 1453-ல ஊர் விழுந்தப்புறம்தான் கிரேக்கம் இத்தாலிக்கு வந்துச்சுன்னு எல்லாரும் சொல்றது தப்பு, கிரிசோலோரஸ்ங்கற கிரேக்க வாத்தியார் 1397-லயே ஃபுளோரன்ஸ்ல பாடம் எடுத்தாச்சுன்னு.

4/5 குடுக்கறேன், பாய் கேள்விக்காக ஒண்ணு கட். மாடிப்படி செங்குத்து, முட்டி வலிக்காரங்க யோசிச்சுக்குங்க, வண்டிய மெயின் ரோட்லயே விட்றுங்க. அடுத்த பேட்சுக்கு நோட்ஸ் புரூஃப் நானே ஃப்ரீயா பாத்துத் தரேன்னு சொல்லிருக்கேன், பதிலுக்கு டீக்கடைய மாத்தறேன்னாரு.