தட்டு மீட்டர்: சாதா மாடலே போதும்

நியூசிலாந்து பால் பண்ணைகளில் மேய்ச்சல் நிலத்தில் எவ்வளவு புல் நிற்கிறது என்று பார்க்கப் பயன்படுவது ரைசிங் பிளேட் மீட்டர். பல் வெட்டிய கம்பி, அதில் ஏறி இறங்கும் வட்டத் தட்டு, இரண்டு எண்ணிகள், அவ்வளவுதான். கம்பியை ஊன்றினால் தட்டு புல்லின் மேல் உட்காரும். ஓர் எண்ணி அந்த உயரத்தை அரை செ.மீ.க்கு ஒரு 'கிளிக்' எனக் கூட்டிக்கொண்டே போகும். மற்றது எத்தனை முறை ஊன்றினோம் என்று எண்ணும். அடர்த்தியான புல் தட்டைக் கூடுதலாகத் தாங்கும் என்பதால் வெறும் அளவுகோலைவிட இது நம்பகமானது.

ஒரு துண்டு நிலத்தில் 40 இடத்தில் ஊன்றி 560 கிளிக் ஏறியிருந்தால் சராசரி 14. ரைகிராஸ் புல்லும் குளோவர் என்ற பயறுவகைத் தீவனச் செடியும் கலந்த நிலத்துக்கு அங்கே வழக்கமான சூத்திரம்: கிளிக்கை 140-ஆல் பெருக்கி 500 கூட்டு. ஹெக்டேருக்கு 2,460 கிலோ உலர் பொருள், அதாவது ஈரம் நீக்கிய எடை. மேய்ந்த பிறகு 1,500 கிலோ நிற்க வேண்டும் என்றால் மாட்டுக்குக் கிடைப்பது 960. நாளுக்கு 16 கிலோ மேயும் மாடு என்றால் 60 மாட்டுக்கு ஒரு நாள் தீனி.

சிக்கல் கருவியில் இல்லை, சூத்திரத்தில் இருக்கிறது. நியூசிலாந்தில் தரை வரைக்கும் கணக்கு. அயர்லாந்தில் 4 செ.மீ.க்கு மேலே உள்ளதுதான் கணக்கு, செ.மீ.க்கு 250 கிலோ என்று போடுவார்கள். அதே 14 கிளிக், அதாவது 7 செ.மீ., அங்கே 750 கிலோதான்! மின்னணு மாடல் கணக்கையும் தானே போட்டு போனுக்கு அனுப்பிவிடும். உள்ளே எந்தச் சூத்திரம் ஓடுகிறது என்று பார்க்காதவருக்கு அந்த வசதியே வினை. பேட்டரி வேண்டாத சாதா மாடலுக்கே எங்கள் ஓட்டு.

வாரந்தோறும் ஒரே தடத்தில் குறுக்காக நடந்து, இத்தனை அடிக்கு ஒருமுறை என்று ஊன்ற வேண்டும். நல்ல புல்லாகப் பார்த்து ஊன்றினால் கணக்கு வீங்கும். தண்ணீர்த் தொட்டி ஓரமும் கேட்டு வாசலும் வேண்டாம். தட்டைத் தொப்பென்று போட்டால் புல் நசுங்கி அளவு குறையும். ஈரமண்ணிலும் குளம்புக் குழியிலும் கம்பி இறங்கினால் அளவு கூடும். கதிர் வந்த புல்லில் தண்டு தட்டைத் தூக்கி நிறுத்துவதால் வழக்கமான சூத்திரம் பொருந்தாது. எண்ணி சரியா என்று பார்க்க, தட்டை மட்டும் 10 செ.மீ. உயரக் கட்டையில் தாங்க வைத்துக் கம்பியைத் தரைவரை இறக்குங்கள். 20 ஏற வேண்டும்.

சொந்தச் சூத்திரம் வேண்டுமானால், ஊன்றிய இடத்திலேயே 0.1 சதுர மீட்டர் சட்டம் வைத்துத் தரையோடு அறுத்து, எடை மாறாத வரை உலர்த்தி நிறுக்கவும். கிராமை 100-ஆல் பெருக்கினால் ஹெக்டேருக்குக் கிலோ. 15, 20 இடமாவது அறுத்து, கிளிக்கையும் எடையையும் வரைபடத்தில் வைத்தால் கோடு கிடைக்கும், அதுதான் உங்கள் சூத்திரம். மைக்ரோவேவில் உலர்த்துவதானால் உள்ளே ஒரு குவளைத் தண்ணீர் வைக்கவும், இல்லாவிட்டால் புல் தீப்பிடிக்கும்.

காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டுக்கு (வேலி போட்ட மானாவாரி மேய்ச்சல் நிலம்) இதை வாங்க வேண்டாம். கொழுக்கட்டைப் புல் தூர்தூராக நிற்பதால் தட்டு ஒன்று தூர்மேல் ஏறும், இல்லை வெறுந்தரையில் விழும். அங்கே ஒரு சதுர மீட்டர் சட்டமும் அரிவாளும் தராசும் போதும். உலர்ந்த எடையைக் கிராமில் எடுத்து 4-ஆல் பெருக்கினால், ஏறத்தாழ ஏக்கருக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும்.