டிஏஏடி தேடுதளமும் யூனி-அசிஸ்டும்: டெல்டா மாணவர்களோடு பல வருடம் புழங்கியதில் தெரிந்தவை

ஜெர்மனியில் ஆங்கிலவழி முதுநிலைப் படிப்பு தேட, அந்நாட்டுக் கல்விப் பரிமாற்ற அமைப்பான டிஏஏடியின் (DAAD) தேடுதளத்தை மிஞ்ச இன்னும் ஒன்று வரவில்லை. காசு கிடையாது, பட்டியலில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படிப்புகள். தஞ்சை, திருவாரூர், நாகைப் பிள்ளைகளுக்கு விண்ணப்பத்தில் உதவும் நாங்கள் முதலில் திறப்பது இதைத்தான். தேடுவதற்கு அருமை. ஆனால் இதை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் போச்சு.

கட்டண ஃபில்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். 'கட்டணம் இல்லை' என்றிருந்தாலும் செமஸ்டர் பங்களிப்பு என்று ஒன்று கட்டியே ஆகவேண்டும். பெரும்பாலும் 100 முதல் 400 யூரோ. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ படிப்புக் கட்டணம். தனியார் பல்கலைகளும் இதே பட்டியலில்தான் இருக்கின்றன. கமிஷன் வாங்கும் கன்சல்டன்சிகள் அவற்றைத்தான் முதலில் நீட்டுவார்கள்.

நம் பகுதி மாணவர்கள் கம்ப்யூட்டர் சயின்ஸைத் தாண்டித் தேடுவதில்லை என்பது எங்கள் ஆதங்கம். வேளாண் பட்டதாரிகளுக்கு கோட்டிங்கன், காசல் பல்கலைகள் சேர்ந்து நடத்தும் நீடித்த பன்னாட்டு வேளாண்மைப் படிப்பு இருக்கிறது. ஹோஹன்ஹைமில் பயிரியல் உண்டு, ஆனால் அது மேலே சொன்ன 1,500 யூரோ மாநிலம். வேதாரண்யம் பக்கம் நிலத்தடி நீர் உப்பாவதைப் பார்த்து வளர்ந்த சிவில் மாணவருக்கு, லிஸ்பன், டெல்ஃப்ட், டிரெஸ்டன் மூன்றிலும் நடக்கும் எராஸ்மஸ் முண்டஸ் (ஐரோப்பிய ஒன்றியம் ஆதரிக்கும் கூட்டு முதுநிலைத் திட்டம்) நிலத்தடி நீர்ப் படிப்பு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. இரண்டு வருட வேலை அனுபவமும், வாங்கி ஆறு வருடம் தாண்டாத பட்டமும் இருந்தால் வளரும் நாட்டுப் பட்டதாரிகளுக்கான டிஏஏடியின் ஈபாஸ் (EPOS) உதவித்தொகைப் பட்டியலையும் பாருங்கள்.

படிப்பின் பெயரைப் பார்த்து யாரும் இடம் தருவதில்லை. அந்தத் துறையின் சொந்தப் பக்கத்தில், எந்தப் பாடத்தில் எத்தனை கிரெடிட் வேண்டும் என்று போட்டிருப்பார்கள். கணிதம் இத்தனை, நீரியல் இத்தனை என்று ஐரோப்பிய கிரெடிட்டில் இருக்கும். ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு, வருடத்துக்கு 60. நம் கல்லூரி கிரெடிட் வேறு கணக்கு, நேரடியாக ஒப்பிடக்கூடாது. அதனால் சிலபஸ் புத்தகத்தில் அந்தந்தப் பாடத்தின் பக்கத்தை, மணி நேரத்தோடு ஸ்கேன் செய்து வையுங்கள். மூன்று செமஸ்டர் முதுநிலைகள் சில 210 கிரெடிட் கேட்கும். மூன்று வருட பி.எஸ்சி. அதில் அடிபடும், நான்கு செமஸ்டர் படிப்பாகத் தேடுங்கள்.

நம் மதிப்பெண்ணை ஜெர்மன் மதிப்பெண்ணாக மாற்றுவதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். சூத்திரம் இது: அதிகபட்ச மதிப்பெண்ணிலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழித்து, அதிகபட்சத்துக்கும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டவேண்டும். அங்கே 1.0 உச்சம், 4.0 வெறும் தேர்ச்சி. 72 சதவீதம் வாங்கியவருக்குத் தேர்ச்சி மதிப்பெண் 40 என்றால் 2.4 வரும்; 50 என்றால் 2.68. கட்-ஆஃப் 2.5 இருக்கும் இடத்தில் முதலாமவர் உள்ளே, இரண்டாமவர் வெளியே. மதிப்பெண் பட்டியலின் பின்பக்கம் தேர்ச்சி மதிப்பெண் அச்சாகியிருக்கிறதா பாருங்கள், அந்தப் பக்கத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள். இல்லையென்றால் தேர்வுக் கட்டுப்பாட்டாளர் அலுவலகத்தில் கடிதம் கேளுங்கள்; ஒரு நடையில் கிடைக்காது, முன்கூட்டியே போங்கள்.

பல ஜெர்மன் பல்கலைகளுக்காக விண்ணப்பங்களை வாங்கிச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட் நிதானமான தளம். முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே பருவத்தில் அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30. பணம் போய்ச் சேராமல் கோப்பைத் திறக்கமாட்டார்கள். சரிபார்க்க நாலைந்து வாரம் ஆகும் என்று வைத்துக்கொண்டு, ஜூலை 15 கடைசி நாள் என்றால் மே மாதத்திலேயே அனுப்பிவிடுங்கள். நேரடியாக விண்ணப்பம் வாங்கும் பல்கலைகளும் உண்டு. சிலவற்றுக்கு யூனி-அசிஸ்டிடம் முன் ஆய்வுச் சான்று (VPD) மட்டும் வாங்கிக்கொண்டு, விண்ணப்பத்தைப் பல்கலைக்கு நேராக அனுப்பவேண்டும்.

இனிஷியல் தகராறு நமக்கே உரியது. மதிப்பெண் பட்டியலில் 'கா. செந்தில்', பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, குடும்பப் பெயர்க் கட்டம் காலி. எல்லா இடத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். இரண்டும் ஒருவரே என்று நோட்டரி பிரமாணப் பத்திரம் ஒன்று கையில் இருக்கட்டும்.

2022 நவம்பரிலிருந்து மாணவர் விசாவுக்கு, நம் கல்விச் சான்றிதழ்கள் உண்மையானவைதானா என்று சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் (APS) சான்றும் வேண்டும், கட்டணம் 18,000 ரூபாய். பல பல்கலைகள் விண்ணப்பத்தோடே கேட்பதால் இதை முதலில் போடுங்கள். அரியர் எழுதிய பட்டியல்களை மறைக்காமல் அத்தனையும் வையுங்கள்.

கடைசியாக முடக்கக் கணக்கு, அதாவது விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டுவைத்து மாதாமாதம் எடுக்கும் வங்கிக் கணக்கு: வருடத்துக்கு 11,904 யூரோ. சின்ன ஊர் வங்கிக் கிளைகள் பலவற்றில் அந்நியச் செலாவணிப் பிரிவு இருக்காது. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பக் கொடுக்கும் ஏ2 படிவம் தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ போய்த்தான் நகரும். விசா தேதி கிடைத்த பிறகு பணம் அனுப்பக் கிளம்பினால் ஒரு வாரம் அதிலேயே கரைந்துவிடும்.