பால் கொடுக்கும்போது ஆன்டிபயாடிக்: லாக்ட்மெட் எவ்வளவு உதவும்?

பால் கொடுக்கிற அம்மாவுக்கு ஆன்டிபயாடிக் எழுதிக்கொடுத்தால், குழந்தைக்கு ஒன்றும் ஆகாதே என்றுதான் மனசு முதலில் அடித்துக்கொள்ளும். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் பெரும்பாலும் மருத்துவரைக் கேளுங்கள் என்று ஒரு வரி இருக்கும், அதோடு சரி. அதைப் படித்துப் பயந்து பாலையே நிறுத்திவிடுகிறவர்களும், மருந்தைச் சாப்பிடாமல் காய்ச்சலோடு கிடக்கிறவர்களும் முதலில் லாக்ட்மெட்டைப் பார்க்கலாம்.

அமெரிக்க அரசு நிறுவனம் நடத்தும் இலவசத் தரவுத்தளம் இது. 2006-இல் தொடங்கியது, இப்போது மருத்துவ நூல்களை இணையத்தில் படிக்கத் தரும் என்சிபிஐ புக்ஷெல்ஃப் தளத்தில் ஒரு நூலாக இருக்கிறது. விளம்பரம் கிடையாது, கணக்குத் தொடங்கச் சொல்லித் தொந்தரவும் கிடையாது. மருந்துக்கு ஒரு பக்கம். மேலே சுருக்கம், அதற்குக் கீழே பாலில் எவ்வளவு கலக்கிறது, பால் குடித்த குழந்தைகளுக்கு என்ன ஆனது, சுரப்பு குறையுமா, இதற்குப் பதில் வேறு எதைக் கொடுக்கலாம் என்று வரிசையாக வரும்.

எனக்குப் பிடித்தது, கூடும் கூடாது என்று ஒற்றை வார்த்தையில் முடிக்காமல் காரணத்தோடு சொல்வது. அமாக்சிசிலின் பாலில் மிகக் குறைவாகத்தான் கலக்கிறது, கொடுக்கலாம், ஆனால் எப்போதாவது குழந்தைக்கு வயிற்றுப்போக்கோ வாயில் வெள்ளைப் படிவோ வரலாம், கவனியுங்கள் என்கிறது. டாக்ஸிசைக்ளின் என்றாலே குழந்தையின் பல் கறையாகும் என்று பதறுவோம் இல்லையா, குறுகிய காலத்துக்கு எடுத்தால் பிரச்சினைக்கு வாய்ப்பில்லை, ஏனென்றால் பாலில் அளவு குறைவு, அதையும் பாலில் உள்ள கால்சியம் குழந்தையின் உடலில் சேரவிடாமல் தடுக்கிறது என்று விளக்குகிறது. மெட்ரோனிடசோல் பக்கத்தை மட்டும் நிதானமாகப் படியுங்கள். அது பாலில் கணிசமாகக் கலக்கிற மருந்து, கருத்து வேறுபாடும் உண்டு. 2 கிராமை ஒரே வேளையாகக் கொடுத்தால் 12 முதல் 24 மணி நேரம் பாலைக் கறந்து கொட்டிவிட்டுப் பிறகு கொடுக்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆக, மருந்தின் பெயர் மட்டும் தெரிந்தால் போதாது, எந்த அளவில் எத்தனை நாளுக்கு என்பதும் தெரிய வேண்டும்.

குழந்தையின் வயதும் அப்படித்தான். நைட்ரோஃபுரான்டாயின் கொஞ்சம் வளர்ந்த குழந்தைக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது, ஆனால் பிறந்த சில நாட்களே ஆன குழந்தைக்கோ ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது) உள்ள குழந்தைக்கோ தவிர்ப்பது நல்லது. இதைத் தளம் சொல்லும், ஆனால் உங்கள் குழந்தைக்கு அந்தக் குறைபாடு இருக்கிறதா, குறைமாதத்தில் பிறந்ததா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அதை மருத்துவரிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும், அவர் கேட்காவிட்டாலும்.

குறைகளும் இருக்கின்றன. முழுக்க ஆங்கிலம், அதுவும் மருத்துவ ஆங்கிலம். கடையில் கொடுக்கும் பிராண்ட் பெயரைப் போட்டால் பல சமயம் ஒன்றும் வராது, அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும் மூல மருந்தின் பெயரைத்தான் போட வேண்டும். மேலே இருக்கும் பெரிய தேடல் பெட்டியில் தேடினால் சம்பந்தமில்லாத புத்தகமெல்லாம் வந்து நிற்கும், இந்த நூலுக்குள் மட்டும் தேடும் பெட்டி தனியாக இருக்கிறது. பெரிய குறை, மார்பில் பால் கட்டி வீங்கிக் காய்ச்சலடிக்கிற நேரத்தில் இத்தனை பத்திகளைப் படிக்க யாருக்குப் பொறுமை இருக்கும்? (அந்த நோய்க்குப் பால் கொடுப்பதைத் திடீரென்று நிறுத்தினால் வலியும் வீக்கமும் கூடத்தான் செய்யும், அதனால் பாலை நிறுத்துங்கள் என்று யாராவது சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.)

அவசரத்துக்கு ஸ்பெயின் குழந்தை மருத்துவர்கள் தொடங்கிய ஈ-லாக்டன்சியா இருக்கிறது, அதுவும் இலவசம். ஆபத்து மிகக் குறைவு என்பதிலிருந்து மிக அதிகம் வரை நான்கு நிலையாகப் பிரித்து நிறம் போட்டுக் காட்டும். நான் முதலில் அங்கே நிறத்தைப் பார்ப்பேன், அப்புறம் லாக்ட்மெட்டில் சுருக்கத்தையும் மாற்று மருந்துப் பகுதியையும் படித்துவிட்டு, அந்தப் பக்கத்தை ஃபோனில் திறந்தபடியே மருத்துவரிடம் காட்டுவேன்.