கையடக்க லினக்ஸில் மொபைல் இணையம்: டாங்கிளா, உள் மோடமா, போன் கேபிளா?

ஏழு அங்குலத் திரை, கட்டைவிரலால் தட்டும் விசைப்பலகை, உள்ளே முழு லினக்ஸ். இப்படி ஒரு கருவியைப் பையில் போட்டுக்கொண்டு திரிபவர்கள் எல்லோரும் சீக்கிரமே வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: வைஃபை இல்லாத இடத்தில் நெட்டுக்கு என்ன செய்வது?

2005-இல் நோக்கியா 770 வந்தபோதே இந்தக் கேள்வி இருந்தது. அதில் சிம் கிடையாது. புளூடூத்தில் போனைப் பிடித்துத்தான் வெளியே போக வேண்டும். 2009-இல் வந்த என்900 சிம்மை உள்ளேயே வாங்கிக்கொண்டது. இன்றைக்கும் பிரிவு அதே இடத்தில்தான். டவரோடு பேசும் மோடம், கருவிக்கு உள்ளே இருப்பதா, வெளியே இருப்பதா? நான் டாங்கிளில் (யூஎஸ்பி துளையில் செருகும் குட்டி மோடம்) தொடங்கி, உள்ளே செருகும் கார்டுக்குப் போய், கடைசியில் போனோடு ஒரு சாண் கேபிளில் வந்து நிற்கிறேன். இப்போதைக்கு இதிலிருந்து நகரும் எண்ணம் இல்லை.

வைஃபை ஹாட்ஸ்பாட்டையும் புளூடூத்தையும் முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். அவசரத்துக்கு ஹாட்ஸ்பாட்டைவிட எளிது எதுவும் இல்லை. ஆனால் போன் சூடாகும், சார்ஜ் மளமளவென்று இறங்கும். யாரும் இணையாமல் கொஞ்ச நேரம் இருந்தால் ஆண்ட்ராய்டு ஹாட்ஸ்பாட்டைத் தானே அணைத்துவிடும். அமைப்பில் அதை மாற்றலாம், மாற்றினால் சார்ஜ் இன்னும் இறங்கும். புளூடூத் பேட்டரியை அதிகம் தொடாது. வேகம்தான் ஏட்டளவிலேயே நொடிக்கு 3 மெகாபிட். கையில் வருவது ஒன்று, ஒன்றரை. டெர்மினலில் தொலைவில் உள்ள சர்வருக்குள் நுழைந்து வேலை பார்க்க அது போதும். பிரவுசரைத் திறந்தால் பொறுமை போய்விடும்.

டாங்கிளில் இரண்டு ரகம் உண்டு, வெளித்தோற்றத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. ஒன்று நிஜ மோடம். லினக்ஸ்தான் அதோடு பேசி, ஏபிஎன் (மொபைல் நிறுவனத்தின் இணைய வாசலின் பெயர்) கொடுத்து, இணைப்பை எழுப்ப வேண்டும். இன்னொன்று குட்டி ரவுட்டர். ஹுவாவே இதற்கு வைத்த பெயர் ஹைலிங்க். டவரோடு பேசும் வேலை முழுவதையும் அதுவே பார்த்துக்கொள்ளும், லினக்ஸுக்கு வெறும் ஈதர்நெட் (கம்பி நெட்வொர்க்) கார்டாகத் தெரியும். பிரவுசரில் 192.168.8.1 என்று அடித்தால் அதன் பக்கம் திறக்கும், ஏபிஎன்னை அங்கேயே போட்டுக்கொள்ளலாம். இவற்றில் பல, செருகியதும் முதலில் சிடி டிரைவ் மாதிரி வந்து நிற்கும். விண்டோஸுக்கு டிரைவர் கொடுக்கச் செய்த ஏற்பாடு அது. யூஎஸ்பி-மோட்ஸ்விட்ச் என்ற சிறிய தொகுப்புதான் அதைத் தட்டி மோடமாக்கும். டாங்கிள் செருகியும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் முதலில் அந்தத் தொகுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். வாங்குவதாக இருந்தால் ஹைலிங்க் ரகத்தை வாங்குங்கள். பழைய 3ஜி டாங்கிள் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். பல நாடுகளில் 3ஜியையே நிறுத்திவிட்டார்கள்.

நான் டாங்கிளை விட்டதற்குக் காரணம் மின்சாரம். யூஎஸ்பி 2.0 துளை கொடுக்கக் கடமைப்பட்டது 500 மில்லிஆம்பியர். சிக்னல் மங்கிய இடத்தில் மோடம் டவரை எட்டுவதற்காகச் சக்தியைக் கூட்டும், அப்போது அதற்கு மேல் இழுக்கப் பார்க்கும். என் கருவியில் பேட்டரி பாதிக்குக் கீழே போனதும் டாங்கிள் விழுந்து விழுந்து எழும். கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) எழுதும் பதிவைப் பார்த்தால் துண்டிப்பு, இணைப்பு, துண்டிப்பு என்று பக்கம் பக்கமாக ஓடும். அதோடு, இரண்டு கையாலும் பிடிக்கும் கருவியில் விரல் நீளத்துக்கு ஒன்று துருத்திக்கொண்டிருந்தால் ஒரு இடி பட்டாலே துளை வளைந்துவிடும்.

அப்புறம் உள் மோடம். கருவியில் எம்.2 பி-கீ என்ற கார்டு துளையும் சிம் இடமும் ஆன்டெனா கம்பிகளும் இருந்தால் இதுதான் பார்க்க அழகான வழி. வெளியே ஒன்றுமே நீட்டிக்கொண்டிருக்காது. குவெக்டெல், சியெரா, ஃபைபோகாம் என்று கார்டுகள் கிடைக்கின்றன. கிளாக்வொர்க்பையின் யூகன்சோல் கருவிக்கு 4ஜி துணைப்பலகையே உண்டு, அதில் இருப்பது சிம்காம் எஸ்ஐஎம்7600ஜி-எச். பைன்போனில் குவெக்டெல் ஈஜி25-ஜி. வாங்கும்போது கார்டின் பெயரில் உள்ள கடைசி எழுத்தைக் கவனியுங்கள். ஒரே கார்டு உலகின் ஒவ்வொரு பகுதிக்கும் வேறு வேறு அலைவரிசைகளோடு வருகிறது. உங்கள் நிறுவனத்தின் அலைவரிசை அதில் இல்லையென்றால் மற்றது எல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை.

மென்பொருள் பக்கம் பெரிய பயம் வேண்டாம். கியூஎம்ஐ, எம்பிஐஎம் என்ற இரண்டு மொழிகளில் ஒன்றை இந்தக் கார்டுகள் பேசும். இரண்டுக்குமே டிரைவர் கர்னலிலேயே இருக்கிறது. மேலே மோடத்தை இயக்கும் மோடம்மேனேஜர், அதற்கு மேலே எல்லா இணைப்புகளையும் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜர். ஜிஎஸ்எம் (மொபைல்) வகையில் ஓர் இணைப்பை உருவாக்கி ஏபிஎன் கொடுத்தால் பெரும்பாலும் நெட் வந்துவிடும். இரண்டு இடங்களில்தான் மாட்டுவார்கள். லேப்டாப்பிலிருந்து கழற்றிய கார்டுகள் சிலவற்றில் எஃப்சிசி பூட்டு (அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையத்தின் பெயரில் வரும் ரேடியோ பூட்டு) இருக்கும். சிம் தெரியும், கார்டு தெரியும், ரேடியோ மட்டும் ஆன் ஆகாது. மோடம்மேனேஜர் 1.18.4-இலிருந்து இந்தப் பூட்டைத் தானாகத் திறப்பதில்லை. கூடவே வரும் ஸ்கிரிப்டை எஃப்சிசி-அன்லாக் கோப்புறையில் நாமே இணைத்துவிட வேண்டும். இரண்டாவது, சில நிறுவனங்கள் புது ரக ஐபிவி6 முகவரி மட்டுமே தருகின்றன, பழைய ஐபிவி4 தருவதில்லை. போன் அதைத் தனக்குள்ளேயே மொழிபெயர்த்துச் சமாளிக்கும். கார்டில் இணைப்பு வந்த மாதிரி காட்டும், ஆனால் பாதித் தளங்கள் திறக்காது. ஐபிவி4, ஐபிவி6 இரண்டும் கேட்கும்படி இணைப்பை மாற்றிப் பாருங்கள்.

இதெல்லாம் ஒரு நாள் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் தீர்ந்துவிடும். தீராதது ஒன்று இருக்கிறது, என் முடிவைத் தீர்மானித்ததும் அதுதான்: கருவியை மூடித் திறக்கும்போது என்ன நடக்கிறது?

மேசை லேப்டாப்பை ஒரு நாளில் மூன்று நான்கு முறை மூடித் திறப்போம். கைக்கணினி அப்படி இல்லை. எடுப்போம், இரண்டு நிமிடம் பார்ப்போம், உறங்கவிட்டுப் பையில் போடுவோம். ஒரு நாளில் இருபது, முப்பது தடவை. பல கருவிகள் உறங்கும்போது யூஎஸ்பி மின்சாரத்தை வெட்டிவிடும். உள் கார்டும் பெரும்பாலும் யூஎஸ்பி வழியாகத்தான் தொங்குகிறது. அதனால் ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் கார்டு புதிதாக பூட் ஆக வேண்டும், மோடம்மேனேஜர் அதன் போர்ட்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க வேண்டும், சிம்மைப் படிக்க வேண்டும், டவரில் பதிய வேண்டும், பிறகுதான் டேட்டா. காலையில் மோடம் எண் 0 என்று இருக்கும். மதியம் பார்த்தால் 9. ஒவ்வொரு உறக்கத்துக்கும் பழைய மோடம் போய்ப் புது மோடம் வந்ததாகக் கணக்கு ஏறிக்கொண்டே போகும்.

என் கருவியில் நல்ல நாளில் அரை நிமிடம். மோசமான நாளில் கார்டு எழுந்திருக்கவே எழுந்திருக்காது. மோடம்மேனேஜரை நிறுத்தித் தொடங்க வேண்டும், அதற்கும் மசியாவிட்டால் கருவியையே ரீபூட் செய்ய வேண்டும். ஒருமுறை சர்வர் ஒன்று விழுந்துவிட்டதென்று செய்தி வந்தது. நின்றபடியே கருவியைத் திறந்தேன். திரையில் தேடுகிறது, தேடுகிறது என்றே இருந்தது. ரீபூட் செய்து உள்ளே நுழைவதற்குள் இன்னொருவர் சர்வரை எழுப்பிவிட்டார். இரண்டு நிமிட வேலைக்காகத்தான் அந்தக் கருவியையே வைத்திருக்கிறேன். அந்த இரண்டு நிமிடம் மோடத்துக்கே போய்விட்டது.

மருந்து இல்லாமல் இல்லை. உறங்கும் முன் மோடம்மேனேஜரை நிறுத்தி, விழித்ததும் தொடங்கும்படி, லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டியில் ஒரு சிறு ஸ்கிரிப்ட் வைக்கலாம். நான் அதை வைத்தபிறகு ரீபூட் தேவை வெகுவாகக் குறைந்தது. உறங்கும்போதும் கார்டுக்கு மின்சாரம் போகும்படி செய்ய முடிந்தால் விரைவான விழிப்புக்கென்றே மோடம்மேனேஜரில் ஒரு தேர்வு இருக்கிறது. அழைப்பு வந்தால் எழுந்தாக வேண்டிய பைன்போன் போன்ற கருவிகள் அந்த வழியில்தான் போகின்றன. விலை என்னவென்றால், கருவி உறங்கினாலும் மோடம் பேட்டரியைக் குடித்துக்கொண்டே இருக்கும்.

போனில் இந்தத் தொல்லையே இல்லை. போனின் மோடம் உறங்குவதும் இல்லை, டவரை விடுவதும் இல்லை. அதைப் பராமரிப்பது போனின் வேலை. கேபிளைச் செருகி யூஎஸ்பி டெதரிங்கை (போனின் நெட்டைக் கணினிக்குத் தரும் வசதி) ஆன் செய்தால் லினக்ஸுக்கு அது ஓர் ஈதர்நெட் கார்டு, அவ்வளவுதான். விழித்த ஐந்தாறு நொடியில் நெட் வந்துவிடுகிறது. ஐபோனுக்கும் கர்னலில் டிரைவர் உண்டு. ஐபோனோடு பேச உதவும் யூஎஸ்பிமக்ஸ்டி தொகுப்பைப் போட்டு, போன் திரையில் இந்தக் கணினியை நம்பலாம் என்று ஒருமுறை சொல்ல வேண்டும்.

ஆனால் செருகியபடியே விட்டால் இதுவும் எரிச்சல்தான். மூன்று இடங்களைச் சரிசெய்தால்தான் நிம்மதி.

கருவி உறங்கினால் கேபிளைப் பிடுங்கியதாகப் போன் நினைத்துக்கொண்டு டெதரிங்கை அணைத்துவிடும். ஆண்ட்ராய்டின் டெவலப்பர் தேர்வுகளில் யூஎஸ்பியின் இயல்பு அமைப்பு என்று ஒன்று இருக்கிறது. அதை டெதரிங்காக வைத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் தானே ஆன் ஆகும். போன் பூட்டியிருந்தால் ஒருமுறை திறக்க வேண்டியிருக்கும்.

பல ஆண்ட்ராய்டு போன்கள் ஒவ்வொரு முறையும் புது மேக் முகவரியோடு (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) வருவதால், நெட்வொர்க்மேனேஜரில் கம்பி இணைப்பு 2, கம்பி இணைப்பு 3 என்று குப்பை சேரும். கார்டின் பெயரையோ முகவரியையோ பார்க்காமல், டிரைவரின் பெயரைப் பார்த்துப் பொருந்தும்படி ஒரே இணைப்பை எழுதிவையுங்கள். பல போன்களில் அந்த டிரைவர் ஆர்என்டிஐஎஸ்-ஹோஸ்ட். புதிய போன்கள் சில என்சிஎம் என்ற வேறு முறையைப் பயன்படுத்துகின்றன.

மூன்றாவதுதான் பர்ஸைக் கடிப்பது. நெட்வொர்க்மேனேஜர் ஈதர்நெட்டுக்கு 100, வைஃபைக்கு 600, மொபைல் மோடத்துக்கு 700 என்று முன்னுரிமை எண் கொடுக்கிறது. எண் சிறிதாக இருப்பதே முதலில் போகும். போன் ஈதர்நெட்டாகத் தெரிவதால், வைஃபை இருக்கும் இடத்தில் கேபிளைச் செருகினாலும் டேட்டா போன் வழியாகவே ஓடும். நான் இதைக் கவனித்தபோது ஒரு நாள் டேட்டா முழுவதும் ஒரு லினக்ஸ் டிஸ்ட்ரோ அப்டேட்டில் போயிருந்தது. அந்த இணைப்பின் எண்ணை 700-க்கு மாற்றுங்கள், ஐபிவி6-க்கும் சேர்த்து. டேட்டாவுக்கு வரம்பு உள்ள அளவான இணைப்பு என்ற குறியை ஆண்ட்ராய்டே அனுப்பும், நெட்வொர்க்மேனேஜர் அதைப் புரிந்துகொள்ளும். இருந்தாலும் நானே ஒருமுறை எழுதிவைத்துவிட்டேன். க்னோம் சாஃப்ட்வேர் என்ற மென்பொருள் கடை அந்தக் குறியை மதிக்கும், எல்லா நிரலும் மதிக்காது.

போன் தோற்கும் இடங்களும் உண்டு. கேபிளில் மின்சாரம் எந்தப் பக்கம் ஓடும் என்பதைக் கவனிக்க வேண்டும். என் கைக்கணினி போனுக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு தன் பேட்டரியைக் கரைத்தது. பல ஆண்ட்ராய்டுகளில் யூஎஸ்பி அமைப்புக்குள் போய் திசையை மாற்றலாம். டெதரிங்கைக் கட்டுப்படுத்தும் திட்டங்களும் இருக்கின்றன. போன் வழியே வரும் பாக்கெட்டின் (தரவுத் துண்டின்) டிடிஎல் எண், அதாவது அது இன்னும் எத்தனை தாவல் போகலாம் என்ற எண், ஒன்று குறைவதை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள். திட்டத்தைப் படித்துவிட்டு இறங்குங்கள். போனை வேறொருவர் கையில் கொடுத்தால் நெட்டும் அவரோடு போய்விடும்.

5ஜி கார்டுகளில் என் அனுபவம் குறைவு. நண்பரிடம் இரவல் வாங்கி ஒரு வாரம் ஓட்டியது மட்டும்தான். வேகம் அருமை, சூடும் அதிகம். அது யூஎஸ்பியை விட்டு பிசிஐஇ என்ற வேறு வழியில் பேசும் கார்டு என்பதால் உறக்கக் கதை யூஎஸ்பி கார்டுகளைப் போலவே இருக்கும் என்று சொல்ல மாட்டேன். அந்த வாரத்தில் இரண்டு முறை லினக்ஸின் கண்ணிலிருந்து கார்டு காணாமல் போனது.

கருவியை உறங்கவிடாமல் எப்போதும் ஓடவிடுபவர், போனே வேண்டாம் என்று இருப்பவர், குறுஞ்செய்தியையும் அதிலேயே வாங்க நினைப்பவர் என்றால் உள் கார்டை வாங்குங்கள், வருத்தப்பட மாட்டீர்கள். என் கார்டு இன்னும் துளையிலேயேதான் இருக்கிறது, ரேடியோவை அணைத்து வைத்திருக்கிறேன். கேபிளை மட்டும் இரண்டு முறை மாற்றினேன். நேர் முனை கேபிள் பிடிக்கும் கையில் இடித்தது. எல் வடிவ முனையுள்ள பதினைந்து சென்டிமீட்டர் கேபிளுக்கு மாறியபின் போன் கருவியின் முதுகில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.